லேண்டிங் லெக்குக்கு கார்ட்லெஸ் டிரில்

பகல் பதினொரு மணிக்கு அத்திப்பட்டிலிருந்து மீஞ்சூர் பக்கம் போனால், வழியில் எங்காவது ஒரு டிரெய்லர் ஓரமாக நிற்கும். அதன் பக்கத்தில் கிளீனர் பையன் ஒருவன் முதுகை வளைத்துக் கைப்பிடி சுற்றிக்கொண்டிருப்பான். அவன் சுற்றுவது லேண்டிங் லெக். முன்னால் இழுக்கிற வண்டியான ஹார்ஸைக் கழற்றிக்கொண்டு போன பிறகு டிரெய்லரின் முன்பாகத்தைத் தாங்கி நிற்கிற இரண்டு இரும்புக் கால்கள்.

2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தார்கள். இன்று அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர். அதே வருஷம் வந்த ‘சிட்டிசன்’ படத்தில் அத்திப்பட்டி என்ற ஊர் வரைபடத்திலிருந்தே காணாமல் போகும். எங்கள் அத்திப்பட்டு வேறு. இது காணாமல் போகவில்லை, இதைச் சுற்றி லாரிகள்தான் பெருகின. பின்னால் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தது, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை வெளிவட்டச் சாலையும் வந்தது. கன்டெய்னர் யார்டுகளும் டிரெய்லர் ஷெட்டுகளும் கூடவே வந்தன. ஆகவே இந்தக் கைப்பிடி சுற்றுகிற வேலை இங்கே யாரோ சிலருடைய வேலை அல்ல.

அந்தக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கார்ட்லெஸ் டிரில்லை மாட்டிச் சுற்றலாமா என்று என்னிடம் கேட்காத ஷெட் இல்லை. மாட்டலாம். எதுவரை மாட்டலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

யோசனை நம்முடையது அல்ல. அமெரிக்காவில் பாப்-அப் கேம்பர் என்று ஒரு வண்டி உண்டு. காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற தட்டையான பெட்டி. ஊர் போய்ச் சேர்ந்ததும் கூரையை மேலே தூக்கினால், பக்கங்களில் கேன்வாஸ் விரிந்து ஒரு குடும்பம் படுக்கிற கூடாரம் ஆகிவிடும். கூரையின் நான்கு மூலைக் கம்பங்களையும் ஒரே வின்ச் கம்பிக் கயிறு வைத்துத் தூக்கும். அந்த வின்ச்சைச் சுற்றிச் சுற்றித் தோள் வலி கண்டவர்கள், கைப்பிடியை எடுத்துவிட்டு சாக்கெட் மாட்டிய டிரில்லை வைத்தார்கள். கூரை நிமிஷத்தில் ஏறிவிட்டது. சிலருக்குக் கம்பிக் கயிறும் அறுந்தது. கூரை உச்சிக்குப் போய் முட்டியதும் கைக்கு அந்த இறுக்கம் தெரிந்துவிடும், டிரில்லுக்குத் தெரியாது. விசையை அழுத்தியிருக்கிற வரை அது சுற்றும். உராய்வு பிரேக் வைத்த வின்ச் என்றால் இறக்கும்போதும் ஆபத்து. டிரில் வேகத்தில் இறக்கினால் பிரேக் தகடு சூடேறித் தேய்ந்துவிடும்.

நம் டிரெய்லர் காலில் கயிறு இல்லை. கைப்பிடி, ஹை, லோ என்று இரண்டு கியர் உள்ள ஒரு பெட்டியைச் சுற்றும். அதிலிருந்து குறுக்கே போகிற தண்டு இரண்டு கால்களையும் சேர்த்து இயக்கும். ஒவ்வொரு காலுக்குள்ளும் செங்குத்தாக ஒரு பெரிய திருகு நிற்கிறது. அது சுற்றினால் நட் நகரும், நட்டோடு சேர்ந்து உள்கால் இறங்கும். கிணற்று ராட்டினம் மாதிரி, கையை விட்டதும் சர்ரென்று இறங்கிவிடாது. திருகு தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். கேம்பர்க்காரர்களைவிட நமக்கு இருக்கிற பெரிய வசதி இதுதான். ஆனால் முட்டியது தெரியாமல் சுற்றுகிற கோளாறு இங்கேயும் அப்படியே இருக்கிறது. கயிறு அறுவதற்குப் பதிலாக இங்கே கியர் பல் உடையும், அல்லது உங்கள் மணிக்கட்டு.

ஆகவே என் கணக்கு இது: கால் காற்றில் இருக்கும்போது ஏற்றுவதும் இறக்குவதும் டிரில்லின் வேலை. பாதம் தரையைத் தொட்ட பிறகு ஒரே ஒரு சுற்றுகூட டிரில் சுற்றக் கூடாது. தூக்குகிற வேலை மனிதக் கைக்கு, அதுவும் லோ கியரில்.

உண்மையில் எவ்வளவு மிச்சம்?

டிரில் வாங்கக் கிளம்பும் முன் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு டிரெய்லருக்குப் போங்கள். உள்கால் மேல் ஒரு கோடு போட்டு, ஹை கியரில் பத்துச் சுற்றுச் சுற்றி, கோடு எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து பத்தால் வகுங்கள். ஒவ்வொரு கம்பெனிக் காலுக்கும் இது மாறும். பேச்சுக்கு ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் என்று வையுங்கள். பாதத்துக்கும் தரைக்கும் 40 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் 50 சுற்று. நிமிஷத்துக்கு 30 சுற்று வீதம் கையால் சுற்றினால்கூட இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். டிரில் வைத்தால் அரை நிமிஷம். மிச்சம் ஒரு நிமிஷமும் கொஞ்சமும்தான். அதற்குள், டிரில்லைத் தண்டோடு இணைக்கிற அடாப்டரை மாட்டிக் கழற்றுகிற நேரமும் போய்விடும்.

நேரத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் வாங்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு டிரெய்லர், இரண்டு டிரெய்லர் என்று பார்க்கிற டிரைவருக்கு இது தேவையே இல்லை. யார்டில் காலையிலிருந்து மாலை வரை இருபது டிரெய்லருக்குக் கால் இறக்கி ஏற்றுகிறவருக்கு இது தேவை. ஏற்கெனவே தோள் போனவருக்கும் தேவை. கியர் மாற்றும் இடம் துருப்பிடித்து லோ கியரிலேயே சிக்கிப்போன காலுக்கும் உதவும். அதில் ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் நகர்கிறது என்றால் அந்த 40 சென்டிமீட்டருக்கு 400 சுற்று. ஆனால் அந்தக் காலுக்கு நியாயமான மருந்து ரிப்பேர்தான், டிரில் அல்ல.

எந்த மெஷின்?

18 வோல்ட், 13 மில்லிமீட்டர் சக், இரண்டு வேக கியர், முன்னால் கிளட்ச் வளையம், பக்கவாட்டுக் கைப்பிடி மாட்டுகிற வசதி. இந்த ஐந்தும் இருந்தால் எந்தக் கம்பெனியானாலும் சரி. 12 வோல்ட் மெஷின்கள் பெரும்பாலும் 30 நியூட்டன் மீட்டர் அளவில் நின்றுவிடும். கிரீஸ் உலர்ந்த காலுக்கு அது திணறும். 18 வோல்ட்டில் 50, 60 வரை வரும். பாரிமுனை செம்புதாஸ் தெருவில் நாலு கடை ஏறி இறங்கினால் விலை புரிந்துவிடும். கடைக்காரர் இம்பாக்ட் மெஷினைக் காட்டி “இதுல சக்தி ஜாஸ்தி சார்” என்பார். அதை எடுக்காதீர்கள். டயர் கடையில் நட் கழற்றுகிற காற்றுத் துப்பாக்கிக்கும் இதே பதில்தான். அவை சுற்றுவதில்லை, சுத்தியல் மாதிரி அடித்து அடித்துத் திருப்புகின்றன. கியர் பெட்டிக்குள் இருக்கிற பல்லுக்கு அது ஆகாது. கிளட்ச் வளையமும் அவற்றில் இருக்காது.

அந்தக் கிளட்ச்தான் இந்த வேலைக்கே உயிர். சக்குக்குப் பின்னால் எண் எழுதிய வளையம் இருக்கிறதல்லவா, ஸ்குரூ முடுக்குகிறவர்கள் திருப்புவது, அதேதான். குறிப்பிட்ட இறுக்கத்துக்கு மேல் போனால் உள்ளே ‘டக டக டக’ என்று வழுக்கிவிடும், சக் நின்றுவிடும். வளையத்தின் கடைசியில் துளை போடும் பிட் படம் ஒன்று இருக்கும். அதில் வைத்தால் கிளட்ச் வேலை செய்யாது. லேண்டிங் லெக்கில் அந்தப் படம் பக்கமே போகக் கூடாது.

நான் போனேன். ஒரு ஷெட்டில், அவசரத்தில், பக்கவாட்டுக் கைப்பிடி மாட்டாமல், வளையத்தைப் பிட் படத்தில் வைத்து இறக்கினேன். கீழே ஒரு கருங்கல் கிடந்ததைப் பார்க்கவில்லை. பாதம் அதில் உட்கார்ந்ததும் தண்டு நின்றது, மெஷின் சுற்றியது, கூடவே என் மணிக்கட்டும். பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்த டிரைவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “இன்னா சார், மிஷினு உன்ன சுத்திடுச்சா?” புத்தூர்க் கட்டு வரை போகவில்லை. ஆனால் பத்து நாள் இடது கையால்தான் சாப்பாடு.

ஏன் அப்படி முறுக்குகிறது என்று பிறகு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 50 நியூட்டன் மீட்டர் மெஷின், சக்கின் மையத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி என் கை. 50-ஐ 0.15-ஆல் வகுத்தால் 333 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 34 கிலோ. கண் இமைக்கிற நேரத்தில் ஒரு சிமென்ட் மூட்டையில் மூன்றில் இரண்டு பங்கை மணிக்கட்டில் தொங்கவிட்ட மாதிரி. 25 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியைப் பிடித்திருந்தால் அது 20 கிலோவாகக் குறைந்திருக்கும். கிளட்சையும் சரியாக வைத்திருந்தால் ‘டக டக’ சத்தத்தோடு போயிருக்கும்.

அடாப்டர்

கடையில் ரெடிமேடாகத் தேடாதீர்கள். உங்கள் காலின் தண்டை வெர்னியரால் அளந்து, அந்த அளவைத் திருவொற்றியூரிலோ மணலியிலோ மீஞ்சூரிலோ ஏதாவது ஒரு லேத் பட்டறையில் கொடுங்கள். தண்டின் முனையில் குறுக்கே ஒரு ஓட்டை இருக்கும், கைப்பிடியை போல்ட் போட்டு மாட்டுவது அதில்தான். பட்டறையில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: எம்.எஸ். ராடில் ஒரு பக்கம் தண்டு நுழைகிற அளவுக்குத் துளை. அந்தப் பக்கத்து வாயில், குறுக்கு போல்ட் உட்காருகிற மாதிரி இரண்டு வெட்டு. மறுபக்கம் 12 மில்லிமீட்டருக்குக் கடைந்து மூன்று பக்கம் தட்டையாக்க வேண்டும். தட்டையாக்காவிட்டால் சக்குக்குள் வழுக்கும்.

வெட்டு வாய் திறந்தே இருக்கட்டும். போல்ட்டைச் சுற்றி மூடிப் பூட்டுகிற மாதிரி சிலர் செய்துகொள்கிறார்கள். திறந்திருந்தால் ஏதாவது தகராறு வரும்போது மெஷினைப் பின்னால் இழுத்தால் போதும், கழன்று வந்துவிடும். தண்டிலேயே நட் வைத்து வெல்டிங் அடித்துவிடலாம் என்று ஒருவர் வருவார். அனுப்பிவிடுங்கள். வெல்டிங் அடித்தால் அப்புறம் பழைய கைப்பிடியை மாட்ட முடியாது. கைப்பிடி இல்லாத லேண்டிங் லெக்கோடு வண்டியை ரோட்டில் விட நான் சம்மதிக்க மாட்டேன்.

இறக்குவது

ஹார்ஸ் இன்னும் மாட்டியபடியே இருக்க வேண்டும். பார்க்கிங் பிரேக் போட்டு, டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். கீழே குனிந்து இரண்டு பாதத்துக்கும் அடியில் பாருங்கள். கல், ஆணி, பையனின் கால் எதுவும் இருக்கக் கூடாது.

இந்த வட்டாரத்தில் மண்ணையும் பார்க்க வேண்டும். பழவேற்காடு வரை நீளுகிற உப்பங்கழி ஓரத்து நிலம் இது. பல யார்டுகளில் மேலே கிராவல் கொட்டியிருப்பார்கள், அடியில் சேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதம் ஒரு ராத்திரிக்குள் ஒரு சாண் இறங்கிவிடும். காலையில் ஹார்ஸ் பின்வாங்கி வந்தால், டிரெய்லரை ஹார்ஸோடு கோக்கிற கிங் பின்னின் உயரம் பொருந்தாது. இரண்டு அங்குலக் கனத்தில், பாதத்தைவிட நன்றாக அகலமான பலகை போடுங்கள். டிரில் வைக்கிறவருக்கு இது இன்னும் முக்கியம். மெத்தென்ற மண்ணில் பாதம் அழுந்திக்கொண்டே போனால் கிளட்ச்சுக்கு முட்டியதே தெரியாது.

இப்போது கியர் தண்டை ஹை கியரில் வையுங்கள். உள்ளே தள்ளினால் ஹையா, வெளியே இழுத்தால் ஹையா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டியின் மேல் எழுதியிருக்கும், அழிந்திருந்தால் சுற்றிப் பார்த்துத் தெரிந்து, பெயின்டால் எழுதிவிடுங்கள். முதல் மூன்று சுற்று கையால் சுற்றுங்கள். இது சடங்கு அல்ல. கியர் முழுதாகக் கோத்ததா, எங்கேயாவது பிடிக்கிறதா என்று கைதான் சொல்லும். பிடித்தால் டிரில்லை எடுக்கவே வேண்டாம்.

சரியாக இருந்தால் கைப்பிடியைக் கழற்றி, வெறும் போல்ட்டைத் திரும்பப் போட்டு, அடாப்டரை மாட்டுங்கள். மெஷினின் மேல் பொத்தான் 1-ல் இருக்க வேண்டும், கிளட்ச் 3-ல். விசையை மெதுவாக அழுத்துங்கள். ‘டக டக’ என்றால் ஒரு எண் கூட்டுங்கள். கால் வழுக்காமல் இறங்குகிற எண் எதுவோ அதுதான் உங்கள் எண், அதற்கு மேல் ஒன்று கூட வேண்டாம். என் அனுபவத்தில் நல்ல கிரீஸ் வைத்த கால் பாதி எண்ணைக்கூட எட்டுவதில்லை. வளையம் கடைசி எண்வரை போயும் வழுக்கினால் குறை மெஷினில் இல்லை.

எங்கே நிறுத்துவது? இதற்கு ஒரு சின்ன வேலை செய்து வைக்கலாம். சமதரையில், ஹார்ஸ் மாட்டியிருக்கும்போது, கையால் சுற்றிப் பாதத்தைத் தரையில் தொட வையுங்கள். வெளிக்காலின் வாயிலிருந்து நாலு விரல் கீழே, உள்காலில் வெள்ளைப் பெயின்டால் ஒரு பட்டை போடுங்கள். அடுத்த முறை டிரில்லால் இறக்கும்போது அந்தப் பட்டை வாயிலிருந்து வெளியே வந்த நொடியில் விசையை விட்டுவிடுங்கள். பாதம் தரைக்கு நாலு விரல் மேலே நிற்கும். பலகை போட்டிருந்தால் பலகைக் கனத்தையும் கழித்துக்கொள்ள வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை பட்டையைப் புதுப்பிக்கவும் வேண்டும், கிரீஸ் அதைத் தின்றுவிடும்.

அந்த நாலு விரலும் கைப்பிடியால். பாதம் தொட்டதும் லோ கியருக்கு மாற்றி, முன்பாகத்தின் எடை ஹார்ஸிலிருந்து காலுக்கு வருகிற மாதிரி சில சுற்று. அதன் பிறகுதான் ஏர் ஹோஸ், கரன்ட் வயர், கிங் பின் பூட்டு எல்லாம். 40 அடிக் கன்டெய்னர் சரக்கோடு 30 டன்வரை வரும். அதில் ஒரு பங்கு இந்த இரண்டு திருகின் மேல் நிற்கப் போகிறது. லோ கியரில் கை உணர்கிற கனம் ஒரு தகவல். அதை மெஷினிடம் கொடுத்துவிட்டால் உங்களுக்கு அந்தத் தகவல் வராது.

ஏற்றுவது

ஏற்றுவதில் ஆபத்து குறைவு, மறதி அதிகம். ஹார்ஸ் மாட்டி, பூட்டு விழுந்ததைக் குனிந்து கண்ணால் பார்த்து, ஒருமுறை முன்னால் இழுத்துச் சோதித்த பிறகுதான் கால் தரையை விட வேண்டும். முதலில் லோ கியரில் கையால் பாரத்தை இறக்கி, பாதம் தரையை விட்டதும் ஹை கியர், டிரில், ரிவர்ஸ். மேலே முட்ட நாலு விரல் இருக்கும்போது நிறுத்தி, மிச்சம் கையால். முடித்ததும் தண்டை லோ கியரில் விட்டு வையுங்கள். குலுக்கலில் கால் தானாக இறங்குவது அப்போதுதான் குறையும்.

இனி, நான் இந்த அத்தியாயத்தில் மிகவும் பயப்படுகிற இடம். டிரில் பழகிய ஷெட்டுகளில் கைப்பிடியைக் கழற்றியதும் யாராவது கூப்பிடுவார்கள், போய்விடுவார்கள். பிறகு ஞாபகமாக மாட்டினாலும் போல்ட்டுக்கு நட் போட மாட்டார்கள், கொக்கியில் தொங்கவிடவும் மாட்டார்கள். அந்தக் கைப்பிடி ஓட்டத்தில் வெளியே விரிந்தால், பக்கத்தில் போகிற டூ வீலர்காரரின் முழங்கால் உயரத்தில் ஒரு இரும்புக் கம்பி வீசிக்கொண்டே போகும். எங்கள் ரோட்டில் டிரெய்லருக்கும் டூ வீலருக்கும் நடுவில் இருப்பது ஒரு முழ இடம். அடாப்டரை ஒரு சங்கிலியில் கட்டி வண்டிச் சாவியோடு சேர்த்துவிடுங்கள். அடாப்டர் கையில் இருந்தால்தான் சாவி கையில் இருக்கும், கைப்பிடி மாட்டியதா என்ற கேள்வியும் வரும்.

கிரீஸ், சாம்பல், உப்பு

ஒரு பக்கம் வடசென்னை அனல் மின் நிலையம், இன்னொரு பக்கம் வல்லூர் அனல் மின் நிலையம், துறைமுகத்தில் நிலக்கரி, கிழக்கே கடல். சாம்பல், கரித்தூள், உப்புக்காற்று மூன்றும் சேர்ந்து உங்கள் டிரெய்லர் காலில் படிகின்றன. ஈரக் கிரீஸில் சாம்பல் ஒட்டினால் அது வழுக்கும் பொருளாக இருக்காது, வால்வு தேய்க்கிற பேஸ்ட் ஆகிவிடும். இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று இருக்கும். கையால் சுற்றுகிறபோது தேய்வது மெதுவாக நடக்கும், டிரில் வேகத்தில் அதே தேய்வு பல மடங்கு. பழைய கிரீஸ் மேலேயே புதுசை அப்புவது இங்கே எல்லாரும் செய்கிற தப்பு. மண்ணெண்ணெய் அல்லது டீசல் நனைத்த துணியால் உள்காலைத் துடைத்து, நிப்பிளில் கிரீஸ் கன் வைத்து, அழுக்குக் கிரீஸ் வெளியே வந்து சுத்தமானது எட்டிப் பார்க்கிற வரை அடியுங்கள்.

பேட்டரியை மே மாத வெயிலில் கேபினில் போட்டு வைக்காதீர்கள். அதன் பித்தளைப் பல்லை வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

கடை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பி மாட்டிச் சுற்றுகிற கியர் ஷட்டருக்கும் இதே மெஷினை வைக்கலாம், ஒரு கொக்கியை சக்கில் பிடித்தால் போதும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி ஷட்டர் நல்ல கனம் இருக்கும். மேலே முட்ட இரண்டு அடி இருக்கும்போதே நிறுத்துங்கள். இறக்கும்போது கடைசி ஒரு அடியும் கையால்தான், இல்லாவிட்டால் தரையைத் தொட்ட பிறகும் சுற்றி மேலே சுருளைக் குலைத்துவிடும். அடியில் ஆள் நிற்கிறபோது எதுவும் வேண்டாம். அவ்வளவுதான், ஷட்டருக்கு இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மெஷின் வாங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்கி, மேலே சொன்னபடி காலைத் துடைத்துக் கிரீஸ் அடியுங்கள். மறுநாள் கைப்பிடி ஒற்றைக் கையில் சுற்றினால், டிரில்லுக்கு வைத்திருந்த பணத்தில் நாலு நல்ல பலகையும் இரண்டு ஜோடி சக்கரக் கட்டையும் வாங்கிப் போடுங்கள்.